பதிலுக்கு மூன்று தட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது யாரோ யாருக்கோ சொல்லி நாலு கை மாறி வந்த கதை இல்லை. என் அக்கா புருஷனுக்கு நடந்தது. நான் அத்தான் என்று கூப்பிடும் அந்த மனிதர் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு வருடமாகக் கட்டடங்களின் இருட்டுக் குழிகளில் இறங்கி ஏறுகிறவர். யாராவது பேய் என்று பேச்செடுத்தால், "எந்த மாடிக்குப் போகணுமாம், கேட்டுச் சொல்லு" என்று கிண்டலடிக்கிறவர். அவரே இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டக் கூடாது என்கிறார். வாசலில் நின்று வாயால் கூப்பிட வேண்டுமாம். நேரமெல்லாம், மலைக்கோட்டைக்குக் கூடப் போயிருந்த கணக்கு வாத்தியார் ஒவ்வொருவரிடமும் கேட்டு நோட்டில் குறித்து வைத்தது. நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை.

லிஃப்ட் வேலையில் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் அடியில், குழிக்குள். இன்னொருவர் உச்சியில், மோட்டார் ரூமில், மெயின் சுவிட்சுக்கு முன்னால். குழிக்குள் போன் எடுக்காது. அதனால் லிஃப்ட் ஓடும் இரும்புத் தண்டவாளத்தில் ஸ்பானரால் தட்டிப் பேசிக்கொள்வார்கள். கீழிருந்து மூன்று தட்டு வந்தால், 'நான் உள்ளே இருக்கேன், எதையும் தொடாதே' என்று பொருள். மேலே இருப்பவர் பதிலுக்கு மூன்று தட்ட வேண்டும். 'கேட்டாச்சு. நீ வர்ற வரைக்கும் இங்கேயே இருப்பேன்.' கீழே இருப்பவர் வெளியே வந்ததும் ஒரே ஒரு தட்டு. அது வரும்வரை மேலே இருப்பவர், தலை போகிற அவசரமானாலும், இடத்தை விட்டு நகரக் கூடாது. இந்தச் சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அதை நம்பித்தான் உள்ளே இறங்குகிறார்கள்.

அத்தானின் ஜோடி ஒட்டகத்தார். கழுத்து நீளம், அதனால் அந்தப் பெயர். பதினாறு வருடமும் அவர்தான் கீழே, அத்தான்தான் மேலே. புருஷன் பெண்டாட்டிகூட அவ்வளவு நேரம் ஒன்றாக இருக்க மாட்டார்கள் என்று என் அக்கா பொருமுவாள். அந்த அக்காதான் அன்றைக்குப் போன் பண்ணினாள், வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று. அத்தான் அவளிடம் கத்திக்கொண்டிருந்தபோது கீழிருந்து மூன்று தட்டு வந்திருக்கிறது. காதில் விழவில்லை. பேசிக்கொண்டே சுவிட்சைப் போட்டுவிட்டார். லிஃப்ட் அடிவரை இறங்கிவிட்டது.

ஒட்டகத்தார் குழியின் மூலையில் ஒடுங்கிப் படுத்ததால் பிழைத்தார். ஹெல்மெட் அப்பளமாக நொறுங்கிவிட்டது. அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. நொறுங்கிய ஹெல்மெட்டைக் கொண்டுவந்து அத்தான் மேசைமேல் வைத்துவிட்டு, நேராக மேனேஜரிடம் போய், அடுத்த மாதத்திலிருந்து வேறு ஜோடி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதோடு பேச்சு நின்றது. அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, "ஒரு வார்த்தை திட்டியிருந்தா பரவாயில்லையே" என்று அழுதிருக்கிறார். இதை அக்காதான் எனக்குச் சொன்னாள்.

மாதம் முடிய எட்டு நாள் இருந்தது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் இரண்டு பேர் இதில் தலையிட்டார்கள். ஒருவர் பெயின்டர், வேன் அவருடையது. இன்னொருவர் அந்தக் கணக்கு வாத்தியார். அத்தானையும் ஒட்டகத்தாரையும் தனித்தனியாக ஏமாற்றி வண்டியில் ஏற்றி, ஒரு சனிக்கிழமை மலைக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எழுநூறு வருடத்துக் கோட்டை. வழியெல்லாம் ஒட்டகத்தார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார், அத்தான் எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன அறை. அதில் வாட்ச்மேன் நோட்டு ஒன்றை நீட்டினார். பெயரும் போன் நம்பரும் எழுத வேண்டும். ஐந்தரைக்கு வாசல் பூட்டிவிடுவோம், மேகம் இறங்கினால் அதற்கு முன்பே வந்துவிடுங்கள் என்றார். நானூற்றுப் பன்னிரண்டு படி. வாத்தியார் எண்ணினார், வேறு யார் எண்ணுவார்கள்? ஓரமாக இரும்புக் கைப்பிடி. மேலே ஏறியபோது மணி 3.20.

3.45-க்கு மேகம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் சுவர் தெரியவில்லை. பெயின்டர் மதில்மேல் உட்கார்ந்துவிட்டார். அத்தான் திரும்பிப் பார்த்தார், ஒட்டகத்தாரைக் காணோம். இதுதான் சமயம், தனியாகப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தேடிக்கொண்டு போனார்.

நடுவில் ஒரு வட்டக் கோபுரம். உள்ளே ஒரே அறை. தரையின் நடுவில் கிணறு, குறுக்கே கம்பி வலை. கிணற்றின் விளிம்புக் கல்லில் கயிறு இழுத்து இழுத்து விழுந்த பள்ளங்கள், விரல் உள்ளே போகிற ஆழத்துக்கு. கம்பி வலையின் ஒரு பாதி தூக்கித் திறந்து கிடந்தது. அத்தான் அதை நன்றாகப் பார்த்தார். அடியில் ஒரே இருட்டு. ஈர மண் வாசனை. குழிகளில் அடிக்கிற அதே வாசனை.

மணி 4.10.

டக்... டக்... டக்.

கீழேயிருந்து வந்தது.

அத்தானுக்கு முதலில் பயமே வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. ஒட்டகம் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டு என்னைச் சோதிக்கிறான், பாவி, என்று நினைத்தார். வேறு யாராவது இருந்தால் எட்டிப் பார்த்திருப்பார்கள், கூவியிருப்பார்கள், ஓடியிருப்பார்கள். இவருக்குக் கை தானாகச் சாவிக்கொத்துக்குப் போனது. அதில் சின்ன ஸ்பானர் ஒன்று எப்போதும் தொங்கும். கம்பி வலையில் தட்டினார். மூன்று.

கீழே அமைதி.

பிறகு, அவசரமாக, மூன்று. யாரோ காதையே நம்பாமல் மறுபடி கேட்பது மாதிரி.

அத்தான் மறுபடியும் தட்டினார். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கேட்டது கேட்டது என்று இரண்டு தடவை சொன்னார். அதற்கப்புறம் அவரால் அடக்க முடியவில்லை. கிணற்றுக்குள் குனிந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"தப்புதான்டா. நான் போன்ல இருந்தேன். நீ தட்டினது எனக்குக் கேக்கல. செத்திருந்தா நானும் குதிச்சிருப்பேன்டா. இந்தத் தடவை பாரு... நீ வெளிய வர்ற வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன். என் பிள்ளைங்க மேல சத்தியமா."

டக்... டக்... டக்.

நாற்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கீழே தட்டும், இவர் தட்டுவார். குளிரில் கை விறைத்தும் எழுந்திருக்கவில்லை.

4.52.

"யார்கிட்டடா பேசுற?"

குரல் முதுகுப்பக்கமிருந்து வந்தது.

வாசலில் ஒட்டகத்தார் நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. சத்தியம் செய்ததிலிருந்து அங்கேதான் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாராம். உள்ளே வரக் கூச்சம். அதுவரை அத்தான் தட்டியது மட்டும்தான் அவருக்குக் கேட்டதாம்.

"நீ... நீ கீழ இல்லையா?"

"நான் ஏன்டா கிணத்துல இறங்கப் போறேன்?"

அத்தான் கிணற்றைப் பார்த்தார். ஒட்டகத்தாரைப் பார்த்தார்.

டக்... டக்... டக்.

இப்போது இரண்டு பேருக்கும் கேட்டது.

யாரோ விழுந்து கிடக்கிறார்கள் என்றுதான் நினைத்தார்கள். ஒட்டகத்தார் ஓடிப்போய் வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் பூட்டுகிற நேரமாயிற்றே என்று மேலே வந்துகொண்டிருந்தாராம். டார்ச் அடித்துக் காட்டினார். தண்ணீர் இல்லை. அடியில் கல்லும் மண்ணும். ஆள் இல்லை. இறங்க ஏணி இல்லை, கயிறு இல்லை.

"வலையைத் திறந்தது யாருங்க?" என்றார் அத்தான்.

"எந்த வலையை?"

வலை மூடியிருந்தது. பூட்டியிருந்தது. பூட்டு முழுக்கத் துரு... சாவித் துவாரமே அடைந்துபோயிருந்தது.

"சத்தம் கேட்டுது. தட்டுற சத்தம். நான்கூடப் பதிலுக்குத் தட்டினேன்."

வாட்ச்மேன் டார்ச்சை அணைத்தார்.

"நீங்க ஏன் சார் தட்டினீங்க?"

"எங்க வேலை அப்படி."

"உங்களை யாரு சார் தட்டச் சொன்னா? கிளம்புங்க. உடனே கிளம்புங்க."

ஆட்டை ஓட்டுகிற மாதிரி நாலு பேரையும் ஓட்டினார். மணி 5.08.

படியில் மேகம் இன்னும் அடர்த்தி. முன்னால் பெயின்டர், அப்புறம் வாத்தியார், அப்புறம் ஒட்டகத்தார். கடைசியில் அத்தான். வாட்ச்மேன் மேலேயே நின்றுகொண்டு, திரும்பாமல் போகச் சொன்னார்.

நூறாவது படி வாக்கில்... கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது.

டக்... டக்... டக்.

மேலேயிருந்து.

அத்தான் கையை எடுத்துவிட்டார். பதில் தட்டவில்லை.

இருபது படி.

டக்... டக்... டக்.

கொஞ்சம் கிட்டத்தில்.

"வாட்ச்மேனா இருக்கும்டா," என்றார் ஒட்டகத்தார்.

இன்னும் இருபது படி. இன்னும் கிட்டத்தில். கடைசியில் அத்தானின் தோளுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்...

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒட்டகத்தார் கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இறங்கும்வரை விடவில்லை.

வேன் 5.31-க்குக் கிளம்பியது. முதல் வளைவிலேயே பெயின்டர் முணுமுணுத்தார்.

"வரும்போது நல்லாத்தானே இழுத்தது. பின்னாடி என்னப்பா பாரம் ஏத்தியிருக்கீங்க?"



இத்தனை கலவரத்திலும் ஒரு நல்லது நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஊர் வந்து சேர்வதற்குள் ஒட்டகத்தார் பேசிவிட்டார். "நாப்பது நிமிஷம் குளிர்ல உக்காந்திருந்தியே, எனக்குன்னு நினைச்சுத்தானே" என்றார். திங்கட்கிழமை மேனேஜரிடம் போய் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டார். அத்தான் அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். போன உயிர் வந்தது என்று அக்கா சந்தோஷப்பட்டாள். கோட்டை சமாசாரம் மலைக்காற்று, மனப்பிரமை, அவ்வளவுதான் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டினார்கள். நானும்தான்.

வியாழக்கிழமை. எட்டு மாடி ஆஸ்பத்திரி ஒன்றில் பழைய லிஃப்ட். குழிக்குள் இருக்கிற நிறுத்தும் சுவிட்ச் கெட்டுப்போனதால் அதையே மாற்ற வந்திருந்தார்கள். அதாவது அன்றைக்குக் கீழே இருப்பவருக்கு மேலே இருப்பவர் ஒருத்தர்தான் பாதுகாப்பு. அத்தான் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, மெயின் சுவிட்ச் முன்னால் நின்றுகொண்டார்.

காலை 11.14. மூன்று தட்டு. இவர் பதிலுக்கு மூன்று.

எல்லாம் முறையாகத்தான் போனது. அரைமணி நேர வேலை என்று ஒட்டகத்தார் சொல்லியிருந்தார்.

11.23.

டக்.

ஒரே தட்டு. வெளியே வந்தாயிற்று, சுவிட்சைப் போடலாம்.

அத்தான் கை சுவிட்சுமேல் போனது.

ஆனால் ஏதோ சரியில்லை. ஒன்பது நிமிடத்தில் எப்படி முடியும்? அதுமட்டுமில்லை... தண்டவாளத்தில் தட்டினால் இரும்பு கொஞ்ச நேரம் ரீங்காரம் போடும். பதினாறு வருடமாகக் கேட்ட சத்தம், தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இந்தத் தட்டு அப்படி இல்லை. மொட்டையாக இருந்தது. கல்லில் தட்டிய மாதிரி.

கையை எடுத்தார்.

மறுபடியும். டக்.

இந்தத் தடவை சத்தம் கீழேயிருந்து வரவில்லை.

மோட்டார் ரூமுக்குள்ளேயே... அவருக்குப் பின்னால்.

அத்தான் சுவிட்சுக்குப் பூட்டைப் போட்டார். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எட்டு மாடியும் படியில் ஓடினார்.

ஒட்டகத்தார் குழிக்குள்தான் இருந்தார். மல்லாந்து படுத்திருந்தார். சட்டைக் கை ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டுவிட்டது. ஸ்பானர் எட்டாத தூரத்தில் விழுந்து கிடந்தது.

"எவ்வளவு நேரமாடா கத்துறேன்! வந்து எடுத்து விடு."

"நீ... ஒரு தட்டு தட்டினியா?"

"எதை வச்சுத் தட்டுறது? பாத்தா தெரியலையா?"

அத்தான் சட்டைக் கையை இழுத்து எடுத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். சுவிட்சைப் போட்டிருந்தால்... அதற்கு மேல் அவரால் நினைக்க முடியவில்லை. கேட்டதை அப்படியே சொன்னார். ஒட்டகத்தார் கிழிந்த சட்டைக் கையைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு தட்டுன்னா வெளிய வந்துட்டேன்னு அர்த்தம்," என்றார் மெதுவாக. "அப்ப வெளிய வந்தது யாருடா?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் 1.25. நான் அத்தான் வீட்டில்தான் இருந்தேன். ஒட்டகத்தாரும் இருந்தார். அதனால் இது என் காதாலேயே கேட்டது. அத்தான் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது, தெரியாத நம்பர். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், கோட்டை வாட்ச்மேன் பேசுறேன். நோட்டுல உங்க நம்பர் இருந்துச்சு."

"சொல்லுங்க."

"அன்னிக்கு விரட்டினேன்னு தப்பா நினைக்காதீங்க. எனக்கே பயம் வந்துடுச்சு."

"பரவால்ல. என்ன விஷயம்?"



"அந்தக் கிணத்துல தட்டுற சத்தம்... நான் வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு சார். தினமும் கேப்பேன். எனக்கு முன்னாடி இருந்தவரும் கேட்டிருக்காரு. கீழேருந்து மூணு வரும்."

"ம்."

"மேலேருந்து பதிலுக்கு மூணு வரும்."

அத்தான் நிமிர்ந்தார்.

"மேலேருந்தா? மேல யாரு?"

"யாரும் இருக்க மாட்டாங்க சார். காலியாத்தான் இருக்கும். ஆனா விளிம்புக் கல்லுல பதில் தட்டு கேக்கும். கீழ தட்ட, மேல தட்ட, அது பாட்டுக்கு நடக்கும். ஒருத்தரையும் தொந்தரவு பண்ணினதில்ல. எனக்கும் பழகிப்போச்சு."

"இப்ப?"

"நீங்க வந்துட்டுப் போனதுலேருந்து கீழ சத்தமே இல்ல சார்."



"ஆனா மேல இருக்கறவன் தட்டிட்டே இருக்கான். மூணு மூணா. காலையில நான் வாசல் திறக்கும்போதும் தட்டுறான், பூட்டும்போதும் தட்டுறான். கொஞ்சம் நிறுத்துவான். காது குடுத்துக் கேக்கற மாதிரி இருக்கும். அப்புறம் மறுபடியும்... கேக்கவே முடியல சார்."

வாட்ச்மேன் கெஞ்சினார்.

"கீழ இருந்தவனைக் கூட்டிட்டு வந்து விட்டுடுங்க சார்."

ஒட்டகத்தார்தான் போனை வாங்கி, "பாக்கறோம்" என்று சொல்லி வைத்தார். பிறகு அத்தானைப் பார்த்தார்.

"போயிட்டு வந்துடலாம்டா. நானும் வர்றேன்."

"எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

"அன்னிக்கு எப்படி வந்துச்சோ, அப்படித்தான்."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அதைக் கிணற்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமானால், அத்தான் மறுபடி மூன்று தட்ட வேண்டும். நீ வர்ற வரைக்கும் இங்கேயே இருப்பேன் என்று மறுபடி வாக்குக் கொடுக்க வேண்டும். அதை நம்பி அது உள்ளே இறங்கும். இறங்கியதும் இவர் சத்தமில்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும்.

அத்தான் இன்னும் கோட்டைக்குப் போகவில்லை. வேலைக்கும் போகவில்லை. நேற்றுச் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை பேரைடா நான் கீழ விட்டுட்டு வர்றது?" என்று என்னைக் கேட்டார்.